சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்

கண்டியில் பாண் விற்கிறவர் வாயே திறப்பதில்லை. பாண் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் பேக்கரி ரொட்டிதான். காலை ஆறரை மணிக்கு எங்கள் கட்டுகஸ்தோட்டைச் சந்துக்குள் கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு முச்சக்கர வண்டி ஏறி வரும். அதிலிருந்து ஒரு பியானோ இசை, திரும்பத் திரும்ப அதே இசை. வேறு ஒரு சொல் கிடையாது. "பாண் வந்திருக்கு", "சூடா இருக்கு" என்று ஒரு குரல் கிடையாது. ஆனாலும் கதவுகள் திறக்கும், ஆட்கள் வந்து நிற்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். மதுரையில் எங்கள் தெருவில் கீரைக்காரம்மா நாலு வீடு தள்ளி வரும்போதே ஒவ்வொரு கீரைக்கும் ஒவ்வொரு புகழ்மாலை பாடியபடிதான் வருவார். வந்த புதிதில் என் கணவரிடம் சொன்னேன், அந்தப் பாண்காரர் இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் பத்துப் பேர் வாங்குவார்களே என்று. நாவலப்பிட்டியில் பிறந்து கண்டியில் எழுத்தர் வேலை பார்க்கும் மனிதர் அவர். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "எல்லாரும்தான் வாங்குறாங்களே" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பேச்சை விற்றுப் பிழைத்தவள் நான்.

மிகைப்படுத்தவில்லை, தொழிலே அதுதான். கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தேன். கல்யாண மண்டபம், பொருட்காட்சி, மகளிர் குழுக் கூட்டம் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் மேசை போட்டு, அரிசியும் உளுந்தும் அரைத்துக் காட்டி விற்பேன். பிறகு விற்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் ஆனேன். கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த சில மாதத்தில் கம்பெனியும் இங்கே ஒரு கிளை திறக்க நினைத்தது, ஆள் தேடாமலே நான் கிடைத்தேன். நகரத்துக்குள் மாடியில் ஓர் அறை, ஒரு வேன், எனக்குக் கீழே ஆறு பேர். என் சந்தோஷத்துக்குக் கேட்கவா வேண்டும்? அலுவலகத்தில் எல்லோரும் என்னை 'மிஸ்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'இந்தியா மிஸ்'. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கோவையில் எங்கள் பயிற்சிக் கூடத்தில் காலைப் பொழுது விடிவதே ஒரு கூச்சலோடுதான். அறுபது பேர் வட்டமாக நின்று கைதட்டுவோம். "இன்னிக்கு யார் ஜெயிப்பா?" என்று ஒருவர் கேட்க, "நாமதான்!" என்று கூரை அதிரக் கத்துவோம். அந்தக் கூடத்தில் 'முடியாது' என்ற சொல்லுக்குத் தடை. கேட்பவர்கள் சிரிக்கலாம். கீழ்வீட்டுக்காரரிடம் பேசக்கூட நாக்கு எழாத ஒரு பெண்ணை, முந்நூறு பேர் முன்னால் மைக் பிடிக்க வைத்தது அந்தக் கூச்சல்தான். அந்தப் பெண் நான்தான். அதனால் அதில் எனக்கு நம்பிக்கை இருந்தது, இன்றும் பாதி இருக்கிறது. அதை அப்படியே பெட்டியில் வைத்துக் கண்டிக்குக் கொண்டுவந்தேன். இங்கே 'முடியாது' என்பதை 'ஏலாது' என்பார்கள். மேசைமேல் ஒரு மணியை வைத்தேன். யாராவது 'ஏலாது' என்றால் மணியை அடிப்பேன், சொன்னவர் எழுந்து நின்று மூன்று தடவை கைதட்ட வேண்டும். ஒரு மாதத்தில் அந்தச் சொல் அறையிலிருந்து ஒழிந்தது. வெற்றி என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்.

என்னை ஏமாற்றியது மொழி. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வாழ்க்கைப்பட்டிருந்தால், பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் இது வேறு ஊர் என்று உறைத்திருக்கும். மலையகத்துப் பேச்சோ எங்கள் தென்பக்கத்துப் பேச்சு மாதிரியே காதில் விழுகிறது. "வாங்க மிஸ், சாப்பிட்டீங்களா, போவோமா" என்று யோகேஸ்வரி கேட்டால், மதுரையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்கிற மாதிரி இருக்கும். யோகேஸ்வரி என் குழுவில் மூத்தவள், நாவலப்பிட்டியில் ஒரு துணிக்கடையில் பல வருடம் நின்று விற்றவள். பேச்சு ஒன்றாக இருப்பதால் மனிதர்களும் ஒன்று, தெருவும் ஒன்று, சமையலறையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். தோசை மாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசினேன். கூட்டம் மரியாதையாகக் கேட்டது, பால் விடாத பிளேன்டீ கொடுத்தது, கலைந்து போனது. இங்கே அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் தேங்காய் துருவ உட்காருகிறார்கள். எங்கள் இயந்திரத்தில் தேங்காய் துருவும் பாகமும் உண்டு, அதை நான் கடைசியில் போகிறபோக்கில் காட்டுவேன். யோகேஸ்வரி ஒருநாள் தயங்கித் தயங்கி, "மிஸ், தோசைக் கதை இங்க அவ்வளவா..." என்று தொடங்கினாள். என் கை மணிப்பக்கம் போனது. அவள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

விற்பனை படுத்துவிட்டது. ஆறு மாதத்தில் கிளை எழுந்து நிற்கவில்லை என்றால் மூடிவிடுவோம் என்று கோவையிலிருந்து கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, கணவரின் சம்பளம் இருந்தது. அந்த ஆறு பேருக்குத்தான் போக்கிடம் இல்லை. யோகேஸ்வரி இதை நம்பித் துணிக்கடையை விட்டிருந்தாள். திகனயில் சின்னதாகக் கடை வைத்து நொடித்துப்போன நளீம் எங்கள் வேன் ஓட்டுகிறவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். சிங்களத்தில் விளக்கிக் காட்டும் குசும், படுத்த படுக்கையான அப்பாவை இந்தச் சம்பளத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேச்சை நம்பி வந்தவர்கள் இவர்கள். இவர்களை நடுத்தெருவில் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டேன். வேனின் தலையில் ஒலிபெருக்கி, நாதஸ்வரமும் மேளமும் கலந்த ஒரு ஒலிப்பதிவு, நடுநடுவே என் குரலில் தமிழும் குசும் குரலில் சிங்களமும். மதுரையில் இதற்கு நிற்காத தெருவே கிடையாது.

முதல் பயணம் தெல்தெனியப் பக்கம். ஒரு சனிக்கிழமைக் காலை, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி மேலே ஏறும் ஒரு சின்ன ரோட்டில் திரும்பினோம். திரும்பியதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி, முக்கோணமாக வெட்டிய வெள்ளைக் கொடிகள். பஸ்ஸில் போகும்போது இப்படி இரண்டு மூன்று தடவை பார்த்திருந்தேன். போயா எனும் பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்திக்கொண்டு விகாரைக்குப் போகிறவர்களையும் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்து, வெள்ளைக் கொடி என்றால் விகாரையில் விசேஷம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். யாரையும் கேட்கத் தோன்றவில்லை. விசேஷம் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் வியாபாரம். "சத்தத்தைக் கூட்டுங்க நளீம்" என்றேன். நளீம் வேகத்தைக் குறைத்தார். "மிஸ், இந்த ரோட்டுல கொஞ்சம்..." என்றார். வேனில் மணி இல்லாததால் விரலைத் தூக்கிக் காட்டினேன். பின்சீட்டில் யோகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கும் ஒரு விரல். நளீம் சத்தத்தைக் கூட்டினார்.

மேளம் முழங்க, என் குரல் மலையில் மோதித் திரும்ப, ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். முற்றத்தில் கூடாரம் போட்டு, வரிசையாகக் கதிரைகள், நம் ஊர் நாற்காலிகள்தான். வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக ஐம்பது அறுபது பேர். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி, முன்னால் நின்ற ஒருவரிடம் துண்டுப்பிரசுரத்தை நீட்டி, எனக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொற்களைச் சேர்த்து எல்லோரும் வாருங்கள் என்றேன். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், கண் சிவந்திருந்தது. என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, உடைந்த தமிழில் மெதுவாகச் சொன்னார், "நோனா, அம்மா உள்ளே இருக்கிறது. கொஞ்சம் சத்தம் வேண்டாம்." நோனா என்றால் அம்மணி என்று தெரியும், மற்றது அப்போதும் எனக்குப் புரியவில்லை. வயதான அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்து, "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். யோகேஸ்வரி இறங்கி வந்து என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "மிஸ், செத்த வீடு" என்றாள்.

மதுரையில் சாவு வீடு என்றால் பறை ஒலிக்கும், வெடி வெடிக்கும், தெரு முழுக்கப் பூ இறையும், இரண்டு தெரு தள்ளியே காதுக்குத் தெரிந்துவிடும். இந்த ஊர் தன் சாவை வெள்ளைத் துணியில் சொல்கிறது. எந்த மதத்துக்காரர் போனாலும் அக்கம்பக்கத்தார் ரோட்டில் கொடி கட்டிவிடுவார்கள், அதைப் பார்த்தால் பஸ்காரன்கூட ஹார்ன் அடிக்காமல் போவான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை என்பது மட்டும்தான். என் ஊராக இருந்தால் வேன் கண்ணாடி தப்பியிருக்காது. அடி வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வேனுக்குள் ஏறிக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். நளீம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வண்டியை நூறடி பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏன் யாரும் சொல்லலை?" என்று கத்தினேன். அப்போதும் கத்தத்தான் தெரிந்தது எனக்கு.

"நான் செல்லத்தான் வந்த மிஸ்" என்றார் நளீம், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. அவர் பேச்சில் 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும். "நீங்க விரலக் காட்டினீங்க. பொறகு நான் என்னத்தச் செல்ற?"

யோகேஸ்வரி அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை. "அஞ்சு மாசமா நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே வாய மூடிக்கிட்டு இருக்கத்தானே மிஸ். கை தட்டத் தட்ட நாங்களும் பழகிட்டோம்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது, அந்தக் கோபம் நியாயம். பயிற்சி கொடுக்கிறவள் என்று நான் மார்தட்டிக்கொண்ட அத்தனை வருடமும் என் முன்னால் வந்து நின்றது. உற்சாகமூட்டுகிறேன் என்று ஆறு பேரின் வாய்க்கும் பூட்டுப் போட்டிருக்கிறேன். வேலை போகிற பயத்தில் இருக்கிறவர்கள், கண்ணெதிரே மலைச்சரிவு வந்தாலும் 'ஏலாது' என்று சொல்லாமல் வண்டியை விடுவார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் அழுதேன். கண்டிக்குத் திரும்பலாம், இன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "நீங்க போயிருவீங்க, நாங்க எங்க போறது?" என்று கேட்டாள் யோகேஸ்வரி. பிறகு என்னிடம் அனுமதி கேட்காமலே காரியத்தில் இறங்கினாள்.

நளீமிடம் வேனிலிருந்த பதாகைகளைக் கழற்றச் சொன்னாள். குசுமை அந்த வீட்டுக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தாள். குசும் திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக் கொல்லையில் மரணாதாரச் சங்கத்துப் பெண்கள் சமைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஊருக்கு ஊர் இங்கே அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. சாவு விழுந்தால் கூடாரமும் கதிரையும் பாத்திரமும் அவர்களுடையது, அந்த வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் வந்தவர் போனவருக்குச் சோறு போடுவதும் அவர்கள்தான். மத்தியானத்துக்கு ஒரு குவியல் தேங்காய் துருவக் கிடக்கிறது, ஆள் போதவில்லை. யோகேஸ்வரி இயந்திரத்தை இறக்கச் சொன்னாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, முக்கியமாக என்னைப் பார்த்து, "மெஷின் பேரச் சொல்லக் கூடாது. வெல கேட்டாலும் சொல்லக் கூடாது. துருவிக் குடுத்துட்டு வந்துருவோம்" என்றாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் கடினமான உத்தரவு அது. சாயங்காலம் வரை தேங்காய் உடைத்தேன், துருவினேன், கை எரிய எரிய மிளகாய் ஆய்ந்தேன். ஒரு பெண்மணி இயந்திரத்தைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டார், விலைதான் கேட்கிறார் என்று மொழிபெயர்ப்பு இல்லாமலே தெரிந்தது. என் நாக்கு துடித்தது. யோகேஸ்வரி, "இன்னைக்கு வேணாம் நோனா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தாள். எனக்குக் கித்துள் என்ற மரத்துக் கருப்பட்டித் துண்டோடு ஒரு பிளேன்டீ கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ளக் கூசியது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் மணியை எடுத்து அலுமாரிக்குள் போட்டேன். ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வேன் கிளம்புவதற்கு முன்னால், ஏன் இது ஏலாது என்று யாருக்குத் தோன்றினாலும் சொல்லலாம், சொல்லி முடிக்கும்வரை வண்டி நகராது என்றேன். முதல் நாள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் குசும் பேசினாள். மூன்றாம் நாளிலிருந்து யாரும் நிறுத்தவில்லை. தோசைப் பேச்சு எடுபடவில்லை, என் சிரிப்பு பயமுறுத்துகிறது, வீடுகளில் ஆளே இல்லாத இந்துக் கோயில் திருவிழா வாரத்தில் திகனவுக்குப் போவதும் நோன்பு மாதமான ரமலானில் மத்தியானம் சமைத்துக் காட்டுவதும் மடத்தனம். ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் தெல்தெனியச் சங்கத்துக்காரர்கள் நகரத்துக்கு வந்து, சங்கத்துப் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒரு இயந்திரம் வாங்கிப்போனார்கள். பிறகு பக்கத்து ஊர்ச் சங்கம். ஓகோ என்று இல்லை, ஆனால் கிளை மூச்சு விடத் தொடங்கியது.

விஷயம் கோவைக்கு எட்டியதும் மேலாளர் துள்ளிக் குதித்தார். இனி எங்கே சாவு விழுந்தாலும் வேன் போகட்டும், இயந்திரத்தின் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். செய்ய மாட்டேன் என்றேன். நேரில் வரச் சொன்னார், போனேன். பழைய பயிற்சிக் கூடத்தை ஒட்டிய அறை, சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். "என்னங்க, பழைய வேகத்தையே காணோமுங்க" என்றார் அவர். கடைசியில், கிளை வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் மேல்மட்டத்தில் இரண்டு பேர் எதற்கு, ஒரு பதவியைக் குறைத்துவிடுங்கள் என்றார். எனக்கு அடுத்தபடியாக இருந்த யோகேஸ்வரியைத்தான் சொன்னார். "என் பதவியை எடுத்துக்குங்க. கிளையை அவங்க நடத்தட்டும். தெல்தெனியவில கிளையைக் காப்பாத்துனது அவங்கதான்" என்றேன். அவர் சிரித்தார், எனக்குக் கோவையிலேயே பழைய வேலையைத் தருவதாகச் சொன்னார். நம் ஊர்ப் பெண் எதற்கு அங்கே கிடந்து கஷ்டப்பட வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம்கூட ஆசை வரவில்லை என்றால் அது பொய். ஒரு ராத்திரி மதுரையில் அம்மா வீட்டில் படுத்து யோசித்தேன். காலையில் கண்டிக்குப் பயணச்சீட்டு எடுத்தேன்.

இன்றோடு ஒன்பது வருடம், கிளையின் தலைவி யோகேஸ்வரிதான். அவளுக்குக் கீழே விளக்கிக் காட்டும் வேலை எனக்கு. வெளியூர் வாசகர்களுக்கு இதைப் பெரிய தியாகமாகச் சொல்ல வரவில்லை. அவள் ஒரு கூட்டத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அவளிடம் வேலைக்குச் சேர்ந்த யாரும் விட்டுப் போனதுமில்லை. முதல் வாரம் மட்டும் எனக்குச் சிரமமாக இருந்தது. அந்த வாரத்தில் ஒரு காலை, வேனின் பின்சீட்டில், மடியில் தேங்காய்ப் பையோடு உட்கார்ந்திருந்தேன். மதுரையிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள். கோவை வேலையை நான் வேண்டாமென்ற கதை எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. திட்டித் தீர்த்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு குரல் இறங்கி, "சரி, எப்படி இருக்க?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேம்மா. ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு" என்றேன்.

அம்மா மறுபடி மூக்கைச் சிந்தினாள்.

"அப்ப போன வாரம் இங்கிட்டு வந்துட்டுப் போனியே, அது என்ன?" என்று கேட்டாள் அம்மா.

கண்டியைத்தான் ஊர் என்று சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேன் நின்றது. "இறங்குங்க மிஸ், ஆளுங்க வந்துட்டாங்க" என்றாள் யோகேஸ்வரி முன்சீட்டிலிருந்து. அம்மா மூச்சு விடுவது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தேங்காய்ப் பையை இடுப்பில் அணைத்து, பதில் சொல்லாமலும் போனை வைக்காமலும் இறங்கினேன்.